மோட்டார் செட்டும் சினிமா செட்டும்

டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியைச் செட்டாப் பாக்ஸ் என்று சொல்லப் பழகும் முன்பே, எங்கள் ஊரில் ‘செட்’ என்ற சொல் நிறைய வேலை செய்துகொண்டிருந்தது. கிணற்று மோட்டார் பம்புசெட். கல்யாணத்துக்கு முந்தின நாளே தென்னைமரத்தில் ஒலிபெருக்கி கட்ட வருபவர் ரேடியோ செட்காரர். கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போய்வந்த பையன்களுக்கு நண்பர் கூட்டமே ஒரு செட். பிடிக்காதவன் ‘நமக்குச் செட் ஆகமாட்டான்’. சினிமா செட் மட்டும் கேள்விப்பட்டதோடு சரி. தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர் அருகே உள்ள எங்கள் தோட்டத்துக்கு அதுவும் வந்தது.

ஒரு பாட்டில் கதாநாயகி பம்புசெட்டில் குளிக்க வேண்டும். படக் கம்பெனி மேனேஜர் வந்து கேட்டதும் அப்பா மகிழ்ந்துபோய்ச் சம்மதித்துவிட்டார். அந்த வாரம்தான் என் மனைவி அரை ஏக்கரில் தக்காளி நாற்று நட்டிருந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் தன் பொறுப்பில் செய்த முதல் வெள்ளாமை. இந்த மண்ணுக்குத் தக்காளி ஆகாது என்று அப்பா சொன்னதை மீறி நட்டது. நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும். தவறினால் அந்த வெயிலில் நாற்று பிழைக்காது. படப்பிடிப்பும் அதே மூன்றாம் நாள்.

அன்று காலையில் அப்பாவும் நாங்கள் இருவரும் போனபோது மோட்டார் அறைச் சுவரில் மஞ்சள் பெயிண்டும், தண்ணீர்த் தொட்டியில் புதிய பூச்சும் ஈரமாக இருந்தன. மோட்டார் போடப் போன என்னை மேனேஜர் தடுத்தார்.

“சார், செட் காயணும். நாலு மணிக்கு வெயில் சாஞ்சதும் ஷாட். அதுவரைக்கும் ஒரு சொட்டு தண்ணி விழக்கூடாது.”

“ஏனுங்க, உங்க செட்டு காயறதுக்குள்ள என்ற நாத்து காஞ்சு போயிருமுங்க” என்றாள் மனைவி.

“ஒரு நாள்தானேம்மா. நாளைக்கு விட்டுக்கலாம்.”

“நாளைக்கு உட்டா வெறும் மண்ணுதானுங்க நனையும்.”

“உங்க மாமனார்கிட்ட பேசியாச்சும்மா.”

அப்பா தென்னைமரத்தின் உச்சியைப் பார்த்தார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரிங்க. நாலு மணிக்கு மோட்டாரு எதுல ஓடுமுங்க?”

“கரண்ட்லதான்.”

“மூணு பேஸு பன்னெண்டு மணிக்குப் போயிருமுங்க. அப்பறம் லைட்டு எரியும், மோட்டாரு ஓடாது. மறுபடி நாளைக்குக் காலைலதான். கொடத்துல மொண்டு ஊத்திப் பாட்டு எடுத்துக்கறீங்களா?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான் என்று நான் தலையாட்டினேன். தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவது எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்ததால், அதை அவரிடம் சொல்ல யாருக்குமே தோன்றவில்லை. அவர் பார்வை, படப்பிடிப்பு விளக்குகளுக்காகக் கொண்டுவந்திருந்த ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் போனது.

“அதுலயே ஓட்டிக்கோங்க. ஆனா ஷாட்டு முடிஞ்சதும் நிறுத்தப்படாதுங்க. என்ற கடைசிப் பாத்தி நனையற வரைக்கும் ஓடோணும்” என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் அவர் ஒப்புக்கொண்டார்.

“சினிமாக்காரங்ககிட்டயே டீசலைக் கறந்துபோட்டியே அம்மணி” என்றார் அப்பா.

“நீங்க செட்டைக் குடுத்துப்போட்டீங்க மாமா. நான் தண்ணியையாச்சும் வாங்கோணுமில்லீங்க?”

நடுப்பகலில் நாற்றுகள் தலை தொங்கிவிட்டன. அவள் சோறு உண்ண வரவில்லை. நாலு மணிக்கு ஜெனரேட்டரில் இணைப்புக் கொடுத்தபோது மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது, தண்ணீர் வரவில்லை. எலெக்ட்ரீஷியன் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்ட பிறகுதான் குழாயிலிருந்து பீறிட்டது. கதாநாயகி ஒரே வரிக்குத் திரும்பத் திரும்ப நனைந்தார். தொட்டி நிறைந்து, வழிந்து, வாய்க்காலில் ஓடிய தண்ணீரை என் மனைவி மண்வெட்டியால் பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் கூடி நின்ற வேடிக்கையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் சாமான்களைக் கட்டினார்கள். மேனேஜர் வரப்புக்கு வந்து நின்றார்.

“இன்னும் நாலு பாத்தி இருக்குதுங்க” என்றாள், நிமிராமலே.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, “ஓடட்டும்ப்பா. ஒரு லைட்டை மட்டும் இறக்காம இந்தப் பக்கம் திருப்பு” என்று குரல் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் மூவரும் போய்ப் பார்த்தோம். மேட்டுப் பக்கம் ஒரு வரிசை கருகியிருந்தது. மற்ற நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. அவள் அடுத்துத் தரிசாகக் கிடந்த நிலத்தைக் காட்டி, “ஏனுங்க, அதையும் உழுதுபோட்டா என்னங்க?” என்று என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். “நீங்க ஏரு ஓட்டற வழியப் பாருங்க. நாத்துக்கு நான் சொல்லிப்போட்டு வாரேன்.”