சேலை டிசைன் புரோகிராம் எழுதியவர்

குமாரபாளையத்தில் எங்கள் தறிகளுக்குச் சேலை டிசைன் போடும் புரோகிராமை எழுதி, யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம் என்று விட்டவர் அவர். ஒல்லியான மனிதர். யார் பழுது சொன்னாலும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார்.

ஒருமுறை புதுக் கம்ப்யூட்டர்களில் புரோகிராம் ஓடாமல் போனது. நான்கு நாள் உட்கார்ந்து சரிசெய்தார். தறிக்காரர் சங்கத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினோம்.

"சால்வை வேண்டாமுங்க. மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டீங்கன்னா, மில்லு வேலைய உட்டுட்டு இதையே பார்த்துக்குவேனுங்க" என்றார்.

"சும்மா கெடைக்கறதுக்கு எதுக்குங்க காசு?" என்றார் ஒரு தறிக்காரர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

அதன்பின் அவர் புரோகிராமைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. போன மாதம் மில் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்.

"புரோகிராம் ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். கோபத்தில் கேட்டாரா, கவலையில் கேட்டாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.