சம்பலோவியா மக்கள் குடியரசு

சம்பலோவியாவில் தும்முவது அரசாங்க விஷயம். அந்த நாட்டை ஆண்ட புரட்சிக் கட்சியின் தலைவர் பெருந்தோழர் ஒரு தும்மல் போட்டால் அது உடனே வானொலியில் போகும். நாடு முழுவதும் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று "நூறு!" என்று கத்தவேண்டும். அடுத்த தும்மலுக்கு "இருநூறு!" பெருந்தோழருக்குத் தடிமன் பிடித்த ஒரு மாரிகாலத்தில் கணக்கு ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கிழமை முழுவதும் பேக்கரிகளில் வேலை நடக்காமல் நாட்டில் ஒருவருக்கும் பாண் கிடைக்கவில்லை.

இந்த நாட்டை எங்களுக்குக் கொண்டுவந்தவர் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் ஹோலில், ஒரு திரைக்குப் பின்னால் அவருடைய கட்டில் கிடந்தது. இரவில் தொழிற்சாலையில் வேலை, பகலில் நித்திரை. சனிக்கிழமைகளில் பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. பிள்ளைகள் என்றால் நானும், அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்த பெரியம்மாவின் மகளும் மகனும். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய தம்பிக்கும் எனக்கும் எட்டு.

மத்தியானம் எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சித்தப்பா கதையைத் தொடங்குவார். பெருந்தோழருக்கு விசிலடிக்க வராது, ஆகவே சம்பலோவியாவில் விசில் தடை. சனங்கள் பிரஷர் குக்கரின் வாயையும் ஈரத்துணியால் அமத்திப் பிடித்துக்கொண்டு சமைத்தார்கள். வாழைப்பழம் இனிமேல் வலது பக்கம் வளையக்கூடாது என்று மத்திய குழு ஒருநாள் தீர்மானம் போட்டது. தோட்டக்காரர்கள் பாவம், என்ன செய்வார்கள்? பழத்தை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக் காட்டினார்கள். மாபெரும் வெற்றி என்று கட்சி அறிவித்து ஒருநாள் லீவும் விட்டது. இவ்வளவையும் சித்தப்பா ஒரு துளி சிரிக்காமல் சொல்வார். நாங்கள் வயிறு நோகச் சிரித்துக் கார்ப்பெற்றில் உருளுவோம்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொன்னதில்லை.

"சட்டத்தை மீறினா என்ன செய்வினம், சித்தப்பா?" என்று அக்கா கேட்பாள்.

"அங்க ஒருத்தரும் மீறமாட்டினம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப்போய் அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பார். அடுப்பில் சோறே இல்லாத நாளிலும் போய்ப் பார்த்தார்.

கேட்டுக்கொண்டு மட்டும் எத்தனை நாள் இருப்பது? நாங்களே ஆட்சியைப் பிடித்தோம். அக்கா பெருந்தோழர். அவளுடைய தம்பி பாதுகாப்பு அமைச்சர். மக்கள் என்று ஒருவர் வேண்டுமே, அது நான். அக்கா தும்முவாள், நான் ஓடிவந்து "நூறு" சொல்வேன். சில நாட்களில் மூக்குக்குள் நூலை விட்டும் தும்முவாள், அநியாயக்காரி. இருந்தாலும் எனக்கு அந்த நாடு பிடித்திருந்தது.

கொடியால்தான் வினை வந்தது. கோயில் திருவிழாவுக்கு எனக்குப் பாவாடை சட்டை தைக்க என்று அம்மா வாங்கி வைத்திருந்த சிவப்புத் துணியில், நடுவில் ஒரு சதுரத்தைக் கட்சி வெட்டி எடுத்துவிட்டது. ஓட்டைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்தா. அவ ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தா, அவ்வளவுதான். "நானில்லை, அக்காதான்!" என்று கத்திவிட்டேன்.

பெரியம்மா அக்காவுக்கு நல்ல பூசை கொடுத்ததாகக் கேள்வி. மறுநாள் காலை லிஃப்ற்றில் நாங்கள் மூவரும் பள்ளிக்கூடப் பையோடு நின்றோம். அக்கா என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ காட்டிக்குடுத்தனீ. சனிக்கிழமை ட்ரயல்."

அந்தக் கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன். வகுப்பில் ரீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிட்டேன். எட்டு வயதில் எனக்கு இருந்த உலகம் அந்த இரண்டு பேர்தான். அவர்கள் தள்ளிவைத்துவிட்டால் சனிக்கிழமை முழுக்கத் தனியாக ஹோலில் இருந்து சித்தப்பாவின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய பயம், தண்டனை என்ன என்று தெரியாதது. கதையில் அந்த இடம் வெறுமையாக இருந்ததே! என் முகத்தைப் பார்த்த அம்மா வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டிக் கசப்பு மருந்து தந்தா. அதையும் வாயைத் திறக்காமல் குடித்தேன்.

சனிக்கிழமை வந்தது. சித்தப்பா நித்திரை. கட்சி என்னை நிலவறையில் இருந்த, உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனது. ட்றையர் ஒன்று யாருடைய உடுப்பையோ போட்டுத் தடதடவென்று உருட்டிக்கொண்டிருந்தது.

தண்டனையை அக்கா கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஏதோ ஒரு பேர்த்டே பார்ட்டியில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தபோது அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஊரில் காட்டிக்கொடுத்தவர்களைக் கம்பத்தில் கட்டிக் கழுத்தில் மட்டை தொங்கவிடுவார்களாம். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. அறையின் நடுவில் இருந்த சீமெந்துத் தூணில் பாதுகாப்பு அமைச்சர் என்னை ஸ்கிப்பிங் கயிற்றால் கட்டினான். சீரியல் பெட்டியைக் கிழித்துச் சிவப்பு மார்க்கரால் 'துரோகி' என்று எழுதிய மட்டையை அக்கா என் கழுத்தில் மாட்டினாள். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் கட்சியை விட்டே விலக்கிவிடுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. சித்தப்பா எழும்பி எங்களைக் காணாமல் தேடி வந்திருக்கவேண்டும். வருகிற கையோடு உடுப்புக் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தூணைப் பார்த்தார், மட்டையை வாசித்தார். கூடை கையால் நழுவி விழுந்து காலுறைகள் எல்லாம் நிலத்தில் சிதறின.

சரி, இன்றைக்கு எல்லோருக்கும் அடிதான் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் வரவேயில்லை. அக்காவுக்கு முன்னால் போய், கொஞ்சம் தள்ளி நின்று, முதுகை வளைத்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"தோழர், அவன் சின்னப் பெடியன். ஒண்டும் தெரியாமச் சொல்லிப்போட்டான். ரெண்டு அடி அடிச்சுப்போட்டு விட்டிடுங்கோ, தோழர். தாய் வாசல் படலையடியில நிக்கிறா. இனி நான் பொறுப்பு."

அது சித்தப்பாவின் குரல் மாதிரியே இல்லை. மெல்லிய, கெஞ்சுகிற, யாரோ இளம் பையனின் குரல். பாதுகாப்பு அமைச்சர் கிளுக்கென்று சிரித்தான். பெண்பிள்ளை என்னைப்போய்ப் பெடியன் என்கிறாரே! எனக்கும் கட்டுண்டபடியே சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு பெரிய ஆள் தன்னை இப்படிக் கும்பிட்டு அவள் கண்டதில்லை. பெருந்தோழருக்கு உரிய மிடுக்கோடு நிமிர்ந்து நின்று சொன்னாள்: "கட்சி மன்னிக்குது. அவிழ்த்து விடுங்கோ."

"பெரிய உபகாரம், தோழர்" என்றார் சித்தப்பா. முடிச்சை அவிழ்க்க அவருடைய விரல்களால் முடியவில்லை, பல்லால் கடித்து இழுத்தார். மட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். என் கழுத்தெல்லாம் நனைந்தது. "சித்தப்பா, சூப்பர் அக்ரிங்!" என்று நடிப்பை மெச்சிக் கத்திய பாதுகாப்பு அமைச்சர் கைதட்டினான். அக்காவும் தட்டினாள். அவருடைய தோளில் இருந்தபடி நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா அந்த நாட்டுக் கதையைச் சொல்லவேயில்லை. கேட்டால், "அந்த நாடு முடிஞ்சுது, பிள்ளை" என்பார். தன்னுடைய கதையில் நாங்கள் கைவைத்துவிட்டோம் என்று கோபம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, போன மாரியில், தெரிந்த ஒருவரின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, காரில் அப்பாவிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ஊரில் சித்தப்பாவும் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பெடியன் ஒருவனும் ஆயுதம் தூக்கிய ஒரு இயக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். தோழர், தீர்மானம், மத்திய குழு எல்லாம் அங்கே படித்த சொற்கள். அந்தப் பெடியன் யாரிடமோ ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டான். இயக்கம் அவனைப் பிடித்து வைக்க, சித்தப்பா போய் விடச்சொல்லிக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"விட்டவையோ?" என்றேன்.

"இல்லை" என்றார் அப்பா. அவனைக் கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள்.

லோன்றி அறையில் அன்று நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தந்த மன்னிப்பு எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.