மறியலுக்கு நடுவே ஒரு மொபெட்

எண்பத்தேழாம் வருடம், புரட்டாசி பிறந்த சமயம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் எல்லாம் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்துகொண்டிருந்தது. நான் சங்கராபுரத்தில் தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவள். லீவு போட்டுவிட்டு, ஒன்பது வயது மகளோடு கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். போன மறுநாளே பஸ் நின்றுவிட்டது. பேப்பர் வரவில்லை. எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரில் தனியாக இருக்கும் கணவருக்கு ஒரு தகவல் சொல்லக்கூட வழியில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள் என் மகள். கிணறு, நாய், சைக்கிள், மாடிப்படி என்று எதைப் பார்த்தாலும் அதில் அவளுக்கு வரக்கூடிய ஆபத்துதான் எனக்கு முதலில் தெரியும். வீட்டிலேயே அடைந்து கிடந்து அவளுக்கு அலுத்துப்போனது. “மீன் புடிக்கலாம் வரியா பாப்பா?” என்று தம்பி கூப்பிட்டதும் குதித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தம்பி வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும்தான் சைவம், மற்ற நாளில் மீன் உண்டு. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே போனேன்.

தூண்டில் எல்லாம் கிடையாது. அங்கே வாய்க்காலின் குறுக்கே இரண்டு இடத்தில் சேற்றால் அணை கட்டிவிட்டு, நடுவில் இருக்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவார்கள். தண்ணீர் குறையக் குறைய மீனெல்லாம் சேற்றில் துள்ளும். கையால் தடவிப் பிடிக்க வேண்டியதுதான். தம்பி இறைத்தான். மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். வழுக்கும், ஓரமாக நில், கண்ணாடி கிண்ணாடி கிடக்கும் என்று நான் கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“யக்கா, நீ கொஞ்சம் வாய மூடிக்கினு இரேன். மீனெல்லாம் உன் சத்தத்துக்கே ஓடிடும்போல” என்றான் தம்பி. மகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் கரையோரத்தில் ஒரு பொந்து தெரிந்தது. விரால் மீன் இப்படிப்பட்ட பொந்தில்தான் ஒளிந்துகொள்ளும் என்று தம்பி சற்று முன்புதான் சொல்லியிருந்தான். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம், அவள் முழங்கை வரை கையை உள்ளே விட்டுவிட்டாள். வீல் என்று கத்திக்கொண்டு கையை இழுத்தாள். பெருவிரலுக்குக் கீழே இரத்தம் பொட்டாக நின்றது.

“கெளுத்தி முள்ளு குத்திக்கீது. ஒன்னும் ஆவாது” என்றான் தம்பி. கெளுத்தி மீனின் முள் தேள் கொட்டினது போலக் கடுக்கும். அந்தப் பக்கத்தில் மீன் பிடிக்கும் யாருக்கும் அது சகஜம். சுண்ணாம்பு தடவுவார்கள், கேலி செய்வார்கள், அவ்வளவுதான். என் முகம் வெளுத்ததைப் பார்த்து, “கெளுத்திகிட்ட குத்து வாங்காம மீன் புடிச்சவன் எவன்கா கீறான்? உடு” என்றான். நானும் விட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பயப்படாமல் இருப்போமே என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சுண்ணாம்பு தடவி, அவளைப் பாயில் உட்கார வைத்தேன். கை வீங்கியது. கெளுத்தி குத்தினாலும் வீங்குமாம். அழுகையை நிறுத்திவிட்டு அவள் சோர்ந்து சாய்ந்தாள். அலைந்த களைப்பு, தூங்கட்டும் என்றிருந்தேன். அப்போது அவள் சொன்னாள்: “அம்மா, நீ ரெண்டு ரெண்டா தெரியற.”

குனிந்து முகத்தைப் பார்த்தேன். தூக்கம் வந்தவளைப்போல இமைகள் பாதி இறங்கியிருந்தன. “கண்ணைத் தொற” என்றேன். திறக்க முயன்றாள், முடியவில்லை. புருவம்தான் மேலே ஏறியது, இமை ஏறவில்லை. பொந்தில் இருந்தது மீன் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

தம்பியிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அவளை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மருந்து இருந்தால் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சாலையின் குறுக்கே ஒரு பெரிய புளிய மரம் கிடந்தது. அதன்மேலும் பக்கத்திலும் இருபது முப்பது பேர். கையில் அரிவாளும் கோடாலியும்.

“வண்டி உடறது இல்லன்னு தெரியாது? திருப்பு, திருப்பு” என்றான் ஓர் இளைஞன்.

“கொயந்தய பாம்பு கடிச்சிட்ச்சிப்பா” என்று தம்பி கெஞ்சினான்.

“காலைல ஒருத்தன் பிரசவம்னு வந்தான். உட்டப்புறம் பாத்தா, வண்டியில அரிசி மூட்டை. ஒருத்தர உட்டா எல்லாரும் பாம்புன்னுகினு வருவீங்க.”

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையெல்லாம் மரத்தூள். மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். “டேய், கண்ணு சொருவுது பாருடா. நடிக்குதா இது? வண்டியத் தூக்குங்கடா!”

அடுத்த நிமிடம் மொபெட் அந்தரத்தில் இருந்தது. ஏழெட்டுக் கைகள் அதை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கின. மகளும் கைமாறிக் கைமாறி அந்தப் பக்கம் போனாள். நான் கிளைகளுக்கிடையே புகுந்து ஓடினேன். தம்பி வண்டியில் ஏறப்போனபோது அவர் தடுத்தார்.

“தம்பி, நீ இரு. நான் ஓட்டறேன். வழி நெடுக மரம் கீது. உன்ன ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தி விசாரிப்பான். என்னய நிறுத்தமாட்டான்.”

தம்பி என்னைப் பார்த்தான். அவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் கோடாலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகக் கேள்விப்பட்ட அத்தனை செய்தியும் என் தலைக்குள் ஓடியது. யோசிக்க நேரமில்லை. ஏறிவிட்டேன்.

அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு மரம் தெரியும்போதும் தூரத்திலிருந்தே, “கொயந்த! பாம்புக் கடி! தூக்கு, தூக்கு!” என்று கத்துவார். கிட்டே போவதற்குள் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். ஓர் இடத்தில் அடர்ந்த கிளை மறித்தது. தாங்கள் போட்ட மரத்தைத் தாங்களே வெட்டி வழி செய்தார்கள். “போட்டது நாம, எடுக்கறதும் நாமளா?” என்று யாரோ முணுமுணுத்தார். “பேசாம வெட்டுய்யா” என்று நாலு குரல் ஒன்றாக வந்தது.

“யக்கா, பாப்பாவ தூங்க உடாத. பேச்சுக் குடுத்துக்கினே வா” என்றார் அவர். நான் அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவரே கேட்டார்: “பாப்பா, இன்னா மீனு புடிச்ச?” அவள் ஏதோ சொன்னாள், குழறலாக. கொஞ்ச தூரம் போனதும் அந்தக் குழறலும் நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சி எல்லையில் போலீஸ் நின்றது. தூரத்தில் பார்த்ததுமே அவருடைய முதுகு விறைத்ததை உணர்ந்தேன். தூள் படிந்த சட்டையும் பிசின் ஒட்டிய கையுமாக அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என்னை அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். வண்டியை மெதுவாக்கி, “ஆஸ்பத்திரிக்குங்க” என்று மட்டும் சொன்னார். குழந்தையைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. ஆனால் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே மகளுக்கு மூச்சு விட முடியாமல் போனது. டாக்டர் வாயில் குழாயைச் செருகி, அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டினார். அதை அமுக்கினால்தான் அவள் மார்பு ஏறும், விட்டால் இறங்கும். இருந்ததோ ஒரே நர்ஸ், வார்டு நிறைய நோயாளிகள். “யாராவது புடிங்க, நான் சொல்ற மாதிரி அமுக்கணும்” என்றார் அந்த நர்ஸம்மா. என் பிடியில் பை நிற்காமல் வழுக்கியது. வண்டி ஓட்டி வந்தவர் அதை வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன. அந்தக் கையால் அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு, வேறெங்கும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

நடுவில் ஒரு போலீஸ்காரர் வார்டுக்குள் வந்தார். பையை அமுக்கிக்கொண்டிருந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம், “இவன் யாரும்மா?” என்றார்.

“என் தம்பிங்க” என்றேன். நான் இவ்வளவு உறுதியாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

பொழுது சாயும் நேரத்தில்தான் என் சொந்தத் தம்பி நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்தான். பையை அவன் கையில் மாற்றிக் கொடுத்து, எப்படி அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு அவர் எழுந்தார். “அங்க என்னயத் தேடுவாங்கக்கா” என்றார். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கண் மகளின் மார்பை விட்டு நகரவில்லை.

மறுநாள் அவள் தானாக மூச்சு விட்டாள். பிறகு மெல்ல இமை திறந்தது.

சாலைகள் திறந்து, பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தம்பியுடன் அந்த முதல் மரம் கிடந்த இடத்துக்குப் போனேன். டீக்கடையில் விசாரித்தோம். அந்த ஆட்களில் சிலர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதலில் எங்களைத் தடுத்த இளைஞன்கூட இருந்தான். மகள் பிழைத்துவிட்டாள் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அவர் பெயரைக் கேட்டதும் மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

“நீங்க எங்க வேல செய்றீங்க?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

“தாலுகா ஆபீஸ்” என்றேன், யோசிக்காமல்.

“அப்பிடி யாரும் இந்தூர்ல இல்லியேம்மா” என்றார். சுற்றியிருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்தச் சாலையில் மறியல் செய்தவர்கள்மேல் வழக்குப் போட்டு, போலீஸ் ஆட்களைப் பிடித்துப்போய்க்கொண்டிருந்த நேரம் அது. நான் நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று எத்தனை முறை சொன்னாலும், அடையாளம் காட்ட வந்தவளின் பேச்சாகத்தான் அவர்கள் காதில் அது விழுந்திருக்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் இடத்தில் அவர்களும் அவர்கள் இடத்தில் நானும் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மகள் இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள். இன்றும் அவள் அயர்ந்து தூங்கினால், கிட்டே போய் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக முகங்களைத் தேடுகிறேன். என்றைக்காவது அவரைப் பார்த்துவிட்டாலும் கூப்பிடாமல், இறங்காமல், இருந்த இடத்திலிருந்தே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். என்னால் அவருக்குச் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.