ரெஜிஷாவும் காணாமல்போன சுவரும்

அச்சாகி வரும் பிளானை ரெஜிஷா முதலில் தலைகீழாகத்தான் பிடிப்பாள். ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிவாள். "நேரா பாத்தா வீடு தெரியும், சுவரு தெரியாது" என்பாள். ஹால், அடுக்களை என்று எழுத்து கண்ணில் பட்டதுமே மனசு சோபா போடவும் அடுப்பு வைக்கவும் போய்விடுகிறதாம்.

புதுக்கடை சந்திப்பில், பெயின்ட் கடைக்கு மேலே, இன்ஜினீயர் ஞானதாசனின் அலுவலகம். அங்கே பதினான்கு வருடமாகப் படம் வரைகிறவள் அவள். வந்த புதிதில் பலகையும் பேனாவும், பிறகு கணினி, இப்போது இரண்டு வருடமாக, வீட்டையே முழுசாகத் திரையில் எழுப்பிக் காட்டும் புது மென்பொருள். பழையதில் சுவர் என்றால் இரண்டு கோடு, அவ்வளவுதான். இதில் சுவருக்குக் கனம் உண்டு, உயரம் உண்டு, எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். சொன்னபடி வராவிட்டால் திரையைப் பார்த்து, "ஏட்டி, ஒழுங்கா நில்லு" என்று சுவரை அதட்டுவாள். கீழே பெயின்ட் கலக்கும் எந்திரம் ஓடும்போதெல்லாம் அவள் மேசையும் நடுங்கும். அதற்கு மட்டும் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

இது நடப்பது இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், ஒரு வியாழக்கிழமை. குவைத்தில் நர்ஸாக இருக்கும் ராகேல் தன் வீட்டுப் பிளானைப் பார்க்க வந்திருந்தார். அஸ்திவாரம் முடிந்துவிட்டது. மறுநாள் சுவர் கட்டத் தொடங்குகிறார்கள். அதற்கு மறுநாள் அவருக்கு விமானம். தாளை விரித்தவர் விரலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளே, எனக்க முறி எங்க? ஹாலும் முறியும் ஒண்ணாக் கெடக்கே."

ரெஜிஷா தாளைத் திருப்பிப் பிடித்தாள். ராகேலின் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவரைக் காணோம். அடுக்களைப் பக்கத்தில் இரண்டு சுவர்கள் நூல் மாதிரி மெலிந்து கிடந்தன. மற்றதெல்லாம் தடித்த கறுப்பு. எல்லாமே ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் என்றுதான் அவள் வரைந்திருந்தாள்.

ஞானதாசன் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்க கோளாறாக்கும். பேனா வச்சு ஒரு கோடு இழுத்துக் குடு. கொத்தனாருக்கு வெளங்குனா போரும்லா?"

"கோடு போட்டா அது சுவரா ஆவாது சாரே."

"நாளைக்குக் காலத்த ஆளு வருது."

"வரட்டு. இன்னும் உச்சிப் பொழுதுகூட ஆவல்லியே."

ராகேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருசமா நாலு பேரு கெடக்க முறியிலயாக்கும் எனக்க பாடு. கதவ அடச்சா உள்ள நான் மட்டும் இருக்கணும். அதுக்குத்தான் இந்த வீடே."

ரெஜிஷா கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கோப்பை மூடித் திறந்தாள். அதேதான். கோடுகளின் அழுத்தத்தைக் கூட்டினாள். கறுப்பு இன்னும் கறுத்தது, மெலிந்தது மெலிந்தபடியே இருந்தது. மெலிந்த இரண்டு சுவர்களையும் தொட்டுத் தொட்டு, ஒன்பது இஞ்சுதானா என்று பார்த்தாள். ஒன்பதுதான். கடைசியில் திரையில் வீட்டின் கூரையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து பார்த்தாள். எல்லாச் சுவர்களும் இருந்தன, ராகேலின் சுவரும்.

"இந்தா கெடக்குல்லா!" என்று ராகேல் எழுந்துவிட்டார்.

"நான் சொன்னம்லா, கம்ப்யூட்டருதான்" என்றார் ஞானதாசன்.

ரெஜிஷா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, மரச்சீனிக் கிழங்கிலும் மீன்கறியிலும் பாதியை மூடியில் வைத்து ராகேலிடம் நீட்டினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மென்றாள். மேலேயிருந்து பார்த்தால் சுவரின் தலைதான் தெரியும். பிளான் அப்படிப்பட்டதல்ல. தரையிலிருந்து நாலடி உயரத்தில் வீட்டைக் கத்தி போட்டு அறுத்து, அறுபட்ட இடத்தை மட்டும் கறுப்பாகக் காட்டுகிறது இந்த மென்பொருள். கத்திக்குக் கீழே நின்றுவிட்ட சுவர் வெறும் கோடு. கத்திக்கு மேலே தொடங்கும் சுவர், பிளானைப் பொறுத்தவரை கிடையாது.

கை கழுவிவிட்டு வந்து வீட்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு போட்டாள். வீடு பலாப்பழம் மாதிரிப் பிளந்து பக்கவாட்டில் தெரிந்தது. அடுக்களைச் சுவர்கள் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டிருந்தன. ராகேலின் சுவர் ஐந்தடிக்கு மேலே, கூரையைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. கீழே ஒன்றுமில்லை.

தான் அடித்த அளவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். வெண்டிலேட்டருக்கென்று அடித்த ஐந்தடி, பக்கத்திலிருந்த ராகேலின் சுவருக்கு அடிமட்டமாகப் போய் உட்கார்ந்திருந்தது. அடுக்களைச் சுவருக்கு "உயரம் மூணு" என்று சொன்னவர் ஞானதாசன். தோஹாவில் வேலை பார்த்தவர், மீட்டரில்தான் பேசுவார். கோப்பு அடிக்கணக்கில் இருந்தது. அவள் மூன்று என்றே அடித்துவிட்டாள். அவர் மீட்டரில் சொன்னதை அவள் வெளியே சொல்லவில்லை.

"கம்ப்யூட்டரு ஒண்ணும் செய்யல்ல சாரே. நான் போட்டதாக்கும்." ராகேல் பக்கம் திரும்பினாள். "எனக்க கைப்பிழை அக்கா. மன்னிச்சிருங்க."

ராகேல் தொங்கும் சுவரையே பார்த்தார். "அப்பம் பேனாவால கோடு இழுத்துத் தந்திருந்தா?"

"இந்தத் தாளுல இருந்திருக்கும். அடுத்த தாளுல மறுபடி காணாமப் போயிருக்கும்."

சுவர் தரைக்கு இறங்கியது. அடுக்களைச் சுவர்கள் கூரையைத் தொட்டன. புதுத் தாளில் ராகேல் தன் அறையைச் சுற்றி விரலை ஓட்டினார். நாலு பக்கமும் சுவர் இருந்தது. "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"நீயும் எறங்கு ரெஜிஷா, நாலரை பஸ்சு வருது" என்றார் ஞானதாசன்.

தோளில் மாட்டிய பையோடு அவள் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். போன மாதம் வரைந்து கொடுத்த ஜான்ரோஸ் என்பவரின் வீட்டுக் கோப்பைத் திறந்தாள். யாரும் குறை சொல்லாத வீடு அது. ஜன்னல் மட்டம்வரை எழும்பியும் விட்டது. அதன் நட்டநடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு வெட்டுக்கோடு போட்டாள்.