எல்லாருக்கும் அப்புசாமி நம்பர்

என் தங்கை யோகப்பிரியா இன்று எர்ணாகுளத்தில் பேர்பெற்ற வக்கீல். இணையத்தில் ஒருவரின் சொந்த விவரத்தை யாராவது எடுத்தாலோ விற்றாலோ அவளிடம்தான் ஓடுகிறார்கள். டிவியில்கூட வந்து பேசுகிறாள். எனக்கோ, அவள் கேரள எல்லையிலுள்ள எங்கள் ஊர் வடகரப்பதியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்வந்த காலம்தான் நினைவுக்கு வருகிறது. அவள் வந்தால்தான் எங்கள் வீட்டில் பேச்சே தொடங்கும். இப்போது நானும் டிவியும்தான்.

அப்போது அவள் கணினி அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். முடிவு தயாரானதும் நோயாளியின் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும். அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

ஆனால் பிறந்து வளர்ந்த தெருவை மறந்துவிட்டாள். எங்கள் தெருவில் சொந்தப் போன் இல்லாத பாதிப் பேர், எங்கே நம்பர் கேட்டாலும் பால் சொசைட்டி அப்புசாமி அண்ணனின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். கேஸ், ரேஷன், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். காலையில் பால் அளந்துகொண்டே அவர் போனில் வந்த செய்திகளைச் சத்தமாகப் படிப்பார். மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

ஒருநாள் நானும் கேனோடு வரிசையில் நின்றிருந்தேன்.

"கோகிலவாணி, உன்ற ரிசல்ட்டு வந்துருச்சு கண்ணு. டிபி இருக்குதுன்னு போட்டிருக்குது."

எங்கள் எதிர்வீட்டுப் பெண் கோகிலவாணி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் கேனை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். சாயங்காலத்துக்குள் சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணம் நின்றது. மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய்க்கு இந்தக் கூத்து! அந்த மாப்பிள்ளை வீட்டாரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யோகப்பிரியா அன்று சாப்பிடவில்லை.

"நீயா அவளுக்கு நோயைக் குடுத்தே? எந்திரிச்சு சோறு தின்னு" என்று அதட்டினேன்.

"அப்புசாமியண்ணன் படிச்சது கெடக்குதுங்ணா. அனுப்புனது என்ற புரோகிராமுங்ணா. இது யாரு போனுன்னு அது ஒரு வார்த்தை கேட்டுச்சா?"

வேலையை உதறிவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். ஊர் சிரித்தது. "கம்ப்யூட்டருக்கு ஜாமீன் எடுக்கப் போறியா?" என்று நானும் சீண்டினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. சமையலறையில் நின்றபடி சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பாள், குழம்பு அடிப்பிடிக்கும். அந்தத் தீய்ந்த குழம்புக்காக இன்று ஏங்குகிறேன் என்றால் யார் நம்பப் போகிறார்கள்!

பட்டம் வாங்கியதும் கோகிலவாணியைப் பேசிச் சம்மதிக்க வைத்து, சீனியர் வக்கீல் மூலம் பாலக்காட்டுக் கோர்ட்டில் அந்தப் பரிசோதனைக்கூடத்தின் மேல் வழக்குப் போட்டாள். அந்த முதல் வழக்கில் யோகப்பிரியா வக்கீலாக நிற்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி, தான் எழுதிய புரோகிராமில் தான் செய்த பிழையைத் தானே சொன்னாள். வழக்கு ஜெயித்தது. அதைவிடப் பெரிதாக அவள் நினைத்தது வேறொன்று. தீர்ப்பில் கோகிலவாணியின் பெயர் எங்கும் வரக்கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்தாள்.

மறுநாள் காலை யோகப்பிரியாவும் என்னோடு சொசைட்டிக்கு வந்தாள். கோகிலவாணி வரிசையைத் தாண்டி முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு டிபி இருந்துச்சுங்க. மாத்திரை சாப்புட்டேன், போயிருச்சு. கேஸ் போட்டதும் நாந்தான். இன்னும் ஆருக்காச்சும் ஏதாச்சும் தெரியோணும்னா என்ற கிட்டயே கேளுங்க."

அப்புசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். யோகப்பிரியாவுக்கோ கோபம் தலைக்கேறியது.

"உன்ற பேரை மறைக்க நான் எத்தனை பாடுபட்டேன்! இப்படி நீயே ஊரைக் கூட்டிச் சொல்லிட்டியே புள்ளே?"

"அன்னிக்கு ஊரு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுதுக்கா. இன்னிக்கு நாஞ் சொல்லித்தான் ஊரு கேட்டுச்சு."

யோகப்பிரியா அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.