கட்டாமல் விட்ட தூர்கள்

ஈர வைக்கோலை முறுக்கிப் போட்ட முடிச்சுகள். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அவை என் கண்ணை விட்டு மறையவில்லை. முந்தின நாள் மதியம் வரை காற்றும் மழையும் வெளுத்து வாங்கியிருந்தன. விடிந்ததும் ஓட்டமும் நடையுமாக என் சோதனை வயலுக்குப் போனால், சாய்ந்து கிடக்க வேண்டிய நெல்லெல்லாம் இரண்டும் மூன்றுமாகச் சேர்த்துக் கட்டப்பட்டு நிமிர்ந்து நின்றது.

நான் வேலை பார்த்த நெல் ஆராய்ச்சி நிலையம் களமருதூர்ப் பக்கம் குத்தகைக்கு எடுத்த வயல் அது. கல்வராயன் மலையில் விளைந்த உயரமான நெல் ஒன்று. சோறு அப்படி ருசிக்கும், ஆனால் கதிர் முற்றினால் தண்டு தாங்காது. அதைத் தண்டு உறுதியான ஒரு குட்டை ரகத்தோடு கலப்பினம் செய்திருந்தேன். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும்; அந்த வயலில் நின்றது அந்தத் தலைமுறை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒவ்வொரு தூரும், அதாவது ஒவ்வொரு நெற்செடியும், ஒரு விதமாக வரும். காற்றில் எது விழுகிறது, எது நிற்கிறது என்று பார்த்து, நிற்பதிலிருந்து மட்டும் விதை எடுக்க வேண்டும். அப்படி ஒரு மழைக்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

கட்டியவர் அங்கே கூலி வேலை பார்த்த அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "மழையில வுழுந்து கெடந்துச்சு சார். பெரிய ஆபீசர் வந்தா உங்களத் திட்டுவாரேன்னு நாந்தான் கட்டிவுட்டேங்க" என்றார், பெருமையாக. சாய்ந்த நெல்லை அந்தப் பக்கம் அப்படித்தான் கட்டிக் காப்பாற்றுவார்கள். எனக்கோ கோபம் தலைக்கேறியது. "உன்ன யாரு கட்டச் சொன்னா? நாளைலேர்ந்து வராத" என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காது கொடுக்கவில்லை. அங்கங்கே சில தூர்கள் கட்டாமல் நின்றன. பொழுது போய்விட்டதால் விட்டுவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சோதனை கெட்டது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். வயல் முழுவதையும் ஒன்றாக அறுத்து, அடித்து, அரிசியாக்கிவிட்டார்கள். திட்டத்தையும் அத்தோடு மூடினார்கள்.

மறு ஆண்டு கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். செங்கல் சூளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரே பக்கத்தில் வந்தார்.

"இன்னும் கோவமா சார்? வுழுந்ததத்தாங்க கட்டுனேன். நின்னுக்கினு இருந்தத இன்னாத்துக்குக் கட்டணும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டாமல் நின்றவைதான் நான் தேடிய தூர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவற்றிலிருந்து விதை எடுத்திருப்பேன், அவர் வேலையும் போயிருக்காது. சாய்ந்த வயலைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

"இப்பனாச்சும் வேலைக்கு வரட்டுங்களா சார்?" என்று கேட்டார்.

என்னிடம் வயலும் இல்லை, விதையும் இல்லை. "இல்லக்கா" என்றேன்.

"பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.