மாட்ரோனா தேர்ந்த படகு

பனியில் துளை போட்டு நூல் இறக்கினால், அடியில் மீன் தூண்டிலை மோந்து பார்க்கிறதா, கவ்வப் போகிறதா என்று நூலைத் தொட்டே சொல்லிவிடுவாள் மாட்ரோனா. குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் அந்த விஷயத்தில் அவளை ஜெயித்த ஆண் கிடையாது. வேலை பள்ளிக்கூடச் சமையலறையில். ஆள் குட்டை, சிரிப்பு மட்டும் பெரிது. சனிக்கிழமை ஆராதனையில் சிரிப்பை அடக்க முடியாமல் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட, கோயில் வாசகனான நான் வேதத்தின் சங்கீதம் வாசிப்பதை நிறுத்திக் காத்திருந்ததும் உண்டு. அவள் நூலைப் பிடித்து உட்கார்ந்தால் கொழுந்தன் யாக்கோ கேலி செய்வான்: "அண்ணி மீனோட பேசிட்டிருக்காங்க, யாரும் குறுக்க பேசாதீங்க."

அந்த அக்டோபரில் அவள் கணவன் இக்நாத்தியை ஆறு கொண்டுபோனது.

நீராவிக் குளியலுக்கு விறகு தீர்ந்துவிட்டது என்று, ஆற்றில் மிதந்து வரும் மரங்களைப் பிடிக்கத் தனியாகப் போனான். மறுநாள் காலை அவன் படகு கீழ்வளைவில் கவிழ்ந்து, மணலில் ஒதுங்கிக் கிடந்தது. அவன் இல்லை.

ஐந்து ஊர் ஆட்கள் படகுகளோடு வந்தார்கள். இரும்புக் குழாயில் பெரிய கொக்கிகளை வரிசையாகக் கட்டி, கயிற்றில் ஆற்றடிக்கு இறக்கி, படகை மெல்ல ஓட்டி இழுப்போம். எல்லாம் கயிற்றைப் பிடித்தவன் விரலில்தான். கட்டையில் தட்டினால் ஒரு மாதிரி இருக்கும், சேறு என்றால் ஒரு மாதிரி, துணி என்றால் வேறு மாதிரி. பெண்கள் மூஸ் மான் இறைச்சி சூப்பைப் பானை பானையாகக் காய்ச்சிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பதினோரு நாள் இழுத்தோம். பன்னிரண்டாம் நாள் ஆற்றில் பனிக்கூழ் மிதந்து வர ஆரம்பித்தது. ஆறு உறைந்து மூடுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று வெளியூர் ஆட்கள் மாட்ரோனாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உறைவதற்குள் கிடைக்காவிட்டால், வசந்தத்தில் பனி உடையும்போது ஆறு அவனைக் கடலுக்குத் தள்ளிவிடும். அப்புறம் குழி இல்லை, சிலுவை இல்லை, நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போய் நிற்க ஒரு மண்மேடு இல்லை. அவன் உயிரோடு வருவான் என்று மாட்ரோனா ஒரு நாளும் சொல்லவில்லை. அவனைப் புதைக்க வேண்டும் என்றுதான் கேட்டாள்.

எரிபொருள் கொண்டுவரும் கடைசிப் படகு செப்டம்பரிலேயே போய்விட்டது. மிச்சம் இருப்பது குளிர்காலத்துக்கு. ஊர்ச்சபை தேடலுக்காக ஒரு பீப்பாய் ஒதுக்கியது. ஒரு படகுக்குத்தான் காணும். எந்தப் படகு என்பதைச் செத்தவன் வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

கரையில் இரண்டு படகுகள் இருந்தன. இரண்டும் அலுமினியம், இரண்டும் பதினெட்டு அடி. தூரத்தில் நின்று பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. ஒன்று காப்ரியேலுடையது. அவன் இக்நாத்தியோடு இருபது வருஷம் வேட்டைக்குப் போனவன். ரிவெட் ஆணி அடித்த பழைய படகு, தட்டையான அடி, தாழ்ந்த விளிம்பு. இன்னொன்று யாக்கோவுடையது. வெல்டிங் வைத்தது, கனத்த தகடு, கூரிய மூக்கு, விளிம்பு இடுப்பளவு உயரம்.

காப்ரியேல் தன் படகைத்தான் எடுக்க வேண்டும் என்றான். விளிம்பு தாழ்வாக இருந்தால்தான் கயிறு நேராகக் கைக்கு வரும். உயர்ந்த விளிம்பில் கயிறு உரசி, அடியில் நடப்பது விரலுக்குத் தெரியாமல் போகும். "அவன் படகுல உக்காந்து தேடுறது கப்பல் மேல இருந்து தூண்டில் போடுற மாதிரி" என்றான். யாக்கோ கோபப்படவில்லை. காப்ரியேல் சொல்வது சரிதான், ஆனால் பனி வந்துவிட்டதே என்றான். ரிவெட் வழியாக ஏற்கெனவே நீர் கசிகிற படகு அது. போன கோடையிலேயே அதில் ஒருவன் மீன் பிடிக்க, ஒருவன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

மாட்ரோனா முதலில் காப்ரியேல் படகில் ஏறி மண்டியிட்டு, விளிம்புக்கு வெளியே கையைப் போட்டாள். முழங்கை வரை தண்ணீரில் இறங்கியது. யாக்கோ படகில் அவள் கைக்குத் தண்ணீர் எட்டவில்லை. இறங்கி வந்து ஈரக் கையைத் துடைக்காமலே நின்றாள். யாக்கோவின் மனைவி அனிஸ்யா ஏழு மாத வயிற்றோடு சூப் பானை அருகில் நின்றிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"நாளைக்கு யாக்கோ படகை ஆத்துக்குள்ள தள்ளுங்க" என்றாள் மாட்ரோனா.

காப்ரியேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்கே தெரியும் மாட்ரோனா. உன் கை எட்டலியே."

"தெரியும். உன் படகுலதான் தேடணும், எனக்குத் தெரியாதா. பனி ஒரு இடி இடிச்சா அது தாங்காது. யாக்கோவும் அதுல இருப்பான். அனிஸ்யா வயித்துல இருக்கிறதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்போ இக்நாத்திக்கு?"

அவள் கரையேறி வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. மீன் என்றால் உயிரை விடுவாள், புருஷன் என்றால் பயப்படுகிறாள் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். என் மனதிலும் அதே எண்ணம் ஒரு கணம் வந்து போனதை ஆண்டவர் அறிவார்.

மறுநாள் விடிந்ததும் காப்ரியேல் தன் கொக்கிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, யாக்கோவின் படகில் உட்கார்ந்தான். யாக்கோ எஞ்சினைப் பிடித்தான். மாட்ரோனாவும் நானும் நடுவில் இருந்தோம்.

காப்ரியேல் சொன்னபடியேதான் ஆயிற்று. விளிம்பில் கயிறு கரகரவென்று உரசியது. கொக்கி மணலில் போகிறதா, பாறையில் போகிறதா ஒன்றும் புரியவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த மாட்ரோனா கையுறையைக் கழற்றிப் பிடித்தும் பார்த்தாள். இரண்டு முறை வளைவைச் சுற்றினோம். பிறகு மேல்கோட்டைக் கழற்றிப் படகின் அடியில் போட்டாள்.

"அண்ணா, என் காலைப் பிடிங்க" என்றாள் என்னிடம்.

விளிம்புக்கு மேல் வயிற்றை வைத்துத் தலைகீழாகத் தொங்கினாள். காப்ரியேல் அவள் இடுப்புப் பட்டியைப் பிடித்தான், நான் கால்களைப் பிடித்தேன். பனிக்கூழ் மிதக்கும் அந்தத் தண்ணீரில் மணிக்கட்டு வரை கையை வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தாள். அப்படி எவ்வளவு நேரம் இருந்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சங்கீதங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தோ ஆறோ முடிந்திருக்கும். நடுவில் அவளை மேலே இழுத்து, அவள் கையைக் காப்ரியேல் தன் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினான். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. போதும் அண்ணி என்று யாக்கோ கெஞ்சினான். மறுபடியும் தொங்கினாள்.

வளைவின் ஆழத்தில் கயிறு இழுத்துக்கொண்டு நின்றது.

"துணி" என்றாள், தலைகீழாகவே. "கட்டை இல்ல. துணி."

எஞ்சினை மெதுவாக்கிவிட்டு நால்வரும் சேர்ந்து இழுத்தோம். வரவில்லை. மறுபடி இழுத்தோம். ஒரு சாண் வந்து நின்றது. அப்போதுதான் காப்ரியேல் நிமிர்ந்து பார்த்தான். கோயில் தரை அகலத்துக்கு ஒரு பனித்தகடு மேலாற்றிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. எஞ்சினில் பனிக்கூழ் அடைத்து, அது ஊளையிட ஆரம்பித்தது.

"அண்ணி, எஞ்சின் சூடேறுது" என்றான் யாக்கோ. கயிற்றை அறுத்துவிடு என்று எங்களில் யாரும் சொல்ல முடியாது. அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

மாட்ரோனா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள், எங்களிடம் அல்ல. பிறகு காப்ரியேலின் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, தானே அறுத்தாள்.

திரும்பும்போது பனித்தகட்டின் ஓரம் படகின் பக்கத்தில் இடித்தது. ஒரு சாண் அகலத்துக்கு அலுமினியம் உள்ளே குழிந்தது, கிழியவில்லை. காப்ரியேல் அந்தக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு மாட்ரோனாவின் கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டான். நான் எதிர்க்கரையில் சாய்ந்து நின்ற பிர்ச் மரத்தையும், இந்தக் கரையில் கோயில் சிலுவையையும் கண்ணால் கோடு போட்டு இடத்தை மனதில் பதித்துக்கொண்டேன். அன்று இரவே ஆறு மூடியது.

ஒன்பது நாள் காத்திருந்தோம். சுகாதார நிலையத்தில் அவள் கைக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டு விரல் நுனிகள் கறுத்துவிட்டன. அனிஸ்யா தினமும் வந்து காய்ந்த சால்மன் மீனைப் பிய்த்து, சீல் என்கிற கடல்நாயின் எண்ணெயில் தொட்டு அவளுக்கு ஊட்டினாள். பனி எத்தனை விரற்கடை கனம் ஆயிற்று என்று மட்டும் மாட்ரோனா தினமும் என்னிடம் கேட்பாள். அவளுக்காக நான் செய்த ஜெபம் ஒன்றுதான்: கொக்கியில் மாட்டியது துணியாகவே இருக்க வேண்டும்.

பத்தாம் நாள் பனி ஆளைத் தாங்கியது. மரத்தையும் சிலுவையையும் வைத்து நான் போட்ட கோட்டின்படி குழிகள் வெட்டினோம். மூன்றாவது குழியில் காப்ரியேல் இறக்கிய கொக்கியில், அறுந்த கயிறு சிக்கியது. ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தது ஒரு ஊறிப்போன மரம். அதன் கிளைகளில் பழைய மீன்வலை ஒன்று மடிப்பு மடிப்பாகச் சுற்றியிருந்தது. கொக்கிகள் அந்த வலையில்தான் மாட்டியிருந்தன.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யாக்கோ பனிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இந்தக் கட்டைக்காக நாலு பேரும் போயிருப்போம் அண்ணி."

"ஆமாப்பா" என்றாள் மாட்ரோனா. கட்டுப் போட்ட கையால் அந்த வலையின் ஒரு மடிப்பை விலக்கி உள்ளே பார்த்தாள். இன்னொரு மடிப்பையும் விலக்கினாள். ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு எழுந்து நின்றாள்.

"கொக்கியைக் கழட்டு காப்ரியேல். இன்னும் வெளிச்சம் இருக்கு. அடுத்த குழியை வளைவுக்குக் கீழ வெட்டலாம்."

காப்ரியேல் மண்டியிட்டு, வலையிலிருந்து கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தான். நான் பனி உளியை எடுத்துக்கொண்டு அவள் காட்டிய இடத்துக்கு நடந்தேன்.